வழித்த நாக்கு

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் சந்தித்தால் இப்போது வருத்தங்களைப் பற்றித்தான் பேச்சு. யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர், யார் எந்த டொக்டரிடம் போகிறார். சென்ற மாதம் அப்படி ஒரு பேச்சில் ஒருவர், அந்தக் காலத்து நாட்டு வைத்தியர்கள், பரியாரிமார், நாக்கைப் பார்த்தே உடம்பு முழுவதையும் சொல்லிவிடுவார்கள் என்றார். மற்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். அது மரியாதையில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் காரணத்தை எழுதுகிறேன்.

பத்திரிகைக் கந்தோரில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதே என் வேலையாக இருந்தது. இதை நீ கண்டாயா, கேட்டாயா என்று கேட்டுக் கேட்டே காலம் போயிற்று. ஆகவே இதில் கண்டதைக் கண்டதாகவும், பிறகு தெரிந்ததைப் பிறகு தெரிந்ததாகவும் சொல்கிறேன். நடந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ஒரு மார்கழி முதல் மாசி வரை. நான் ஒன்பது வயதுச் சிறுமி. அக்காவுக்குப் பதினேழு.

உடுவிலுக்கு அப்பால், சிவப்பு மண் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். புகையிலையும் வெங்காயமும் செய்தார். அம்மாவுக்குத் துப்புரவில் பெரும் பிடிவாதம். காலையில் கிணற்றடிக்குப் போய்ப் பல் விளக்கி நாக்கு வழிக்காமல் யாரும் வாய் திறக்கக்கூடாது. தென்னோலை ஈர்க்கை நடுவால் கிழித்து, இரு நுனியையும் பிடித்து வில்லாக வளைத்து, நாக்கின் அடியிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். மூன்று தரம். பிறகு அம்மாவின் முன்னால் நின்று நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். வெள்ளை தெரிந்தால் திரும்பக் கிணற்றடி. ஐயாவும் தப்ப முடியாது. பரியாரியார் வருத்தக்காரரின் நாக்கைத்தான் பார்ப்பார், உங்கள் அம்மா சுகமாக இருக்கிறவன் நாக்கையும் விடமாட்டா என்று அவர் எங்களிடம் முறையிடுவார்.

காய்ச்சல்காரருக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை. காய்ச்சல் உடம்பில் தண்ணீர் படக்கூடாது என்று முகம்கூடக் கழுவ விடமாட்டார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, ஊரிலேயே அப்படித்தான்.

அந்த வருஷம் மழை கனக்கப் பெய்தது. கிணற்றுத் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்தில், தேநீர் நிறத்தில் நின்றது. மார்கழி முடிவில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாளும் விடாததால் ஐயா பரியாரியாருக்கு ஆள் அனுப்பினார். அவர் வேறு வீட்டுக்குப் போன வழியில் சொல்லாமல் கொள்ளாமல் பின்னேரம் வந்து இறங்கினார். மெலிந்த, உயர்ந்த மனிதர். காதில் சிவப்புக் கல் கடுக்கன். எங்கள் வீட்டில் கதிரையைத் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்ததை நான் கண்டதில்லை.

மூன்று விரலால் நாடி பிடித்தார். கண் மடலை இழுத்துப் பார்த்தார். பிறகு அக்காவின் நாடியைப் பிடித்து, அதாவது மோவாயைப் பிடித்து, யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நாக்கை நீட்டச் சொன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை மா தடிப்பாகப் படிந்திருந்தது, நனைந்த சுண்ணாம்பு போல. நுனியும் கரைகளும் மட்டும் நல்ல சிவப்பு. அவர் அதையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெருப்புக்காய்ச்சல் என்றார், டொக்டர்கள் தைபொயிட் என்பது. குடலுக்குள் புண் இருக்கும், மூன்று கிழமையாவது கிடக்க வேண்டும். பொரியரிசிக் கஞ்சியின் தெளிவும் கொத்தமல்லித் தண்ணீரும் அவர் தரும் மூலிகைக் குடிநீரும் தவிர வேறொன்றும் கூடாது.

“நாக்கிலை படிஞ்ச மா விடுமட்டும் ஒரு பருக்கை சோறும் உள்ளை போகக்கூடாது. மா விட்டால் குடல் தேறிவிட்டுது எண்டு அர்த்தம். அதுவரைக்கும் அவள் அழுதாலும் குடுக்காதேங்கோ” என்று ஐயாவிடம் சொன்னார்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியிலும் இதற்கு மருந்து இருக்கவில்லை. அங்கேயும் பாலும் பார்லித் தண்ணீரும் கொடுத்துக் காத்திருப்பார்கள். எப்போது சோறு கொடுப்பது என்பதுதான் வைத்தியமே. அவர் அதை நாக்கைப் பார்த்து முடிவு செய்தார். அவர் முறையில் பிழை இருந்ததாக இன்றும் நான் சொல்லமாட்டேன்.

அவர் போனதும் அம்மா குசினிக்குள் நின்று அழுதார். காய்ச்சலுக்காக அழுகிறார் என்று நினைத்தேன். ஐயாவும் அப்படித்தான் நினைத்துத் தேற்றப் போனார். அம்மா சொன்னது வேறு.

“என்ரை பிள்ளையின்ரை நாக்கு அந்தக் கோலத்திலை கிடந்ததை அவர் பாத்திட்டார். அவர்தானே அந்த வீட்டுக்கும் பரியாரியார்.”

அந்த வீடு என்பது அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த வீடு. பரியாரியார் எல்லார் வீட்டு அறைக்குள்ளும் போய் வருகிறவர். ஒரு பெண்ணைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னால் அது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். அவர் அப்படிச் சொல்கிறவர் அல்ல என்று ஐயா சொன்னார். அம்மா கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா துப்புகிற படிக்கத்தையும் ஈர்க்கையும் எடுத்துக்கொண்டு அக்காவின் பாயருகே இருந்தார். ஒரு கையால் தலையை நிமிர்த்தி, மற்றக் கையால் நாக்கை வழித்தார். ஈர்க்கில் மா கட்டியாக வந்தது. அக்காவுக்கு ஓங்காளம் வந்தது. கொஞ்சம் பொறு, அவர் வாற நேரம் என்றார் அம்மா. அதற்குப் பிறகு பரியாரியார் தினமும் காலை எட்டு மணியளவில் வந்தார். தினமும் அவர் வருமுன் அக்காவின் தலை வாரி, நெற்றிக்குத் திருநீறு பூசி, நாக்கும் வழிக்கப்பட்டிருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் ஈர்க்கு யன்னலால் வெளியே போகும். எவ்வளவு வழித்தாலும் அடியில் கொஞ்சம் வெள்ளை மிஞ்சும், நாளுக்கு நாள் அதுவும் குறைந்தது. நாலைந்து நாளுக்குப் பிறகு ஈர்க்கில் இரத்தம் இருந்ததையும் கண்டேன். சிவப்பாய் வந்தால் துப்புரவு என்று அம்மா எனக்குச் சொன்னார். நான் நம்பினேன்.

இதற்கிடையில் பொங்கல் வந்தது. வருத்தக்காரி கிடக்கும் வீடு என்று முற்றத்தில் சின்னப் பானைதான் வைத்தார்கள். பயறும் சர்க்கரையும் வேகும் வாசனை யன்னலால் உள்ளே போயிற்று. அக்கா கன்னம் ஒட்டி, உதடு வெடித்துக் கிடந்தாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகுமுன் என்னைக் கூப்பிட்டாள். கேட்கப்போகிறாள் என்று பயந்துகொண்டுதான் போனேன். கேட்கவில்லை.

“கையைக் கொண்டா, மணந்து பாப்பம்.”

கையை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மணந்தாள். பிறகு, பால் காணாது என்றாள். அவளுடைய மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மா உள்ளே வந்தார், என் கையைப் பார்த்தார், முதுகில் ஒரு அடி போட்டார்.

காய்ச்சலின் பதினாறாம் நாள் காலை பரியாரியார் நாக்கைப் பார்த்துவிட்டு மறுபடியும் நாடியைப் பிடித்தார். திரும்ப நாக்கு. திரும்ப நாடி. அம்மா குசினியில் குடிநீர் வடித்துக்கொண்டிருந்தார். பரியாரியார் ஐயாவை வாசல் படலையடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வேலியோரம் நின்றேன்.

“நாடி ஒண்டு சொல்லுது, நாக்கு வேறை சொல்லுது. நாடி இன்னும் கொதிக்குது. நாக்கிலை மாவின்ரை அடையாளமே இல்லை. நாளைக்கும் பாப்பம்” என்றார்.

ஐயா, அவள் வற்றிப்போகிறாள், இரண்டு கிழமையாகத் தண்ணீர் மட்டும், இனித் தாங்குவாளா என்று கேட்டார். பரியாரியார் குடையை விரித்து மடித்தார். நாளைக்குப் பாப்பம் என்று திரும்பவும் சொன்னார்.

“அம்மா வழிச்சவ.” நான் அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பயத்தால் அல்ல, ஒளித்தும் அல்ல. அவருக்கு அது தெரியும் என்றே நினைத்தேன். நாக்கைப் பார்க்கிறவருக்கு நாக்கு வழித்திருப்பது தெரியாமல் போகும் என்று ஒன்பது வயதில் யாருக்குத் தோன்றும்?

அன்று பத்து மணியளவில் சீனன் வந்தான். அவனை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. வருஷத்தில் இரண்டு தரம், சயிக்கிளின் பின்னால் ஆள் உயர மூட்டையோடு பட்டு விற்க வருவான். எண்களும், பட்டின் நிறங்களும், வேறு சில சொற்களும் தமிழில் தெரியும். மிச்சத்தைக் கையால் சொல்லுவான். பெண் பார்க்க வரும் நாளுக்கென்று அக்காவுக்கு ஒரு சிவப்புப் பட்டுக் கொண்டுவரும்படி அம்மா முந்திய தரம் சொல்லியிருந்தார். அவன் மறக்கவில்லை. அம்மா துணியை வாங்கி அறை வாசலில் நின்று அக்காவுக்கு விரித்துக் காட்டினார். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். உதட்டை நாக்கால் நனைத்தாள். முற்றத்தில் குந்தியிருந்த சீனன் அதைக் கண்டான்.

எழுந்து யன்னலடிக்கு வந்தான். காய்ச்சலா என்று நெற்றியில் கைவைத்துக் காட்டிக் கேட்டான். அம்மா தலையசைத்தார். நாக்கை நீட்டு என்று அக்காவுக்குச் சைகை காட்டத் தன் நாக்கை நீட்டினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடுவில் மஞ்சள், அடியில் பழுப்பு. சுகமாக நிற்கும் பெரிய மனிதர் ஒருவரின் வழிக்காத நாக்கை அன்றுதான் முதன்முதல் கண்டேன். அக்கா காய்ச்சலிலும் சிரித்துவிட்டுத் தன் நாக்கை நீட்டினாள். அவன் சிரிக்கவில்லை. யன்னலின் கீழே மண்ணில் கிடந்த ஈர்க்குகளைக் குனிந்து பார்த்தான். ஒன்றை எடுத்து வளைத்து, நாக்கில் இழுப்பதுபோலக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

“வேண்டாம். மூண்டு நாள் வேண்டாம். பிறகு பார்” என்றான்.

அம்மாவின் முகம் கறுத்தது. பட்டைச் சுருட்டி அவன் கையில் கொடுத்துப் போகச் சொன்னார். அவன் ஈர்க்கைக் காட்டி இன்னொருமுறை அதையே சொன்னான். அம்மா அறைக்குள் போய் யன்னலைச் சாத்தினார்.

“உவன்ரை நாக்கைப் பாத்தியே, சீ. உவன் வந்து எங்களுக்குத் துப்புரவு படிப்பிக்கிறான்.”

பல வருஷத்துக்குப் பிறகு கொழும்பில் பல் கட்டும் சீனர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். தங்கள் ஊரில் வைத்தியரிடம் போகும் அன்று நாக்கைத் தொடவேண்டாம் என்று தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள், அது வைத்தியர்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியமல்ல என்றார். எங்கள் முற்றத்தில் நின்றவன் வைத்தியன் அல்ல, துணி வியாபாரி. தன் தாய் சொன்னதைச் சொன்னான். அவ்வளவுதான்.

பதினேழாம் நாள் காலை அம்மா மிகக் கவனமாக வழித்தார். முந்திய நாள் கோபம் கையில் இருந்தது. எட்டு மணிக்குப் பரியாரியார் வந்தார். நாக்கைப் பார்த்தார். மா அறவே விட்டுவிட்டது, இரண்டு நாளாகத் துப்புரவு என்றார். சிவப்பு இருப்பது பித்தச் சூட்டின் மிச்சம் என்றார். இன்றைக்குக் குழைந்த சோறு ஒரு சிரட்டை அளவு கொடுக்கலாம் என்றார்.

அம்மா கைகூப்பினார். பரியாரியார் வாசலைத் தாண்டுமுன்னே உலை வைத்துவிட்டார். மத்தியானம் அக்காவைச் சுவரோடு சாய்த்து இருத்தி, மிளகுரசத்தில் சோற்றைக் கரைத்து ஊட்டினார். அக்கா ஆறேழு வாய் சாப்பிட்டாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஆறா ஏழா என்பது இப்போது நிச்சயமில்லை.

“உப்புக் காணாதம்மா. ரெண்டு கிழமை பட்டினி கிடந்தும் உங்கடை சமையல் திருந்தேல்லை” என்றாள்.

அம்மா அன்று சிரித்தது போலச் சிரித்து நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. சிரட்டையளவு சோறு முடிந்தபின் அக்கா இன்னும் கேட்டாள். அம்மா இன்னும் கொஞ்சம் போட்டார்.

நாலு மணிக்கு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பொழுதுபடுமுன் வயிறு பலகையாய் இறுகிவிட்டது. தொட விடவில்லை. பரியாரியார் ஓடி வந்தார், அவர் ஓடியதை அன்றுதான் கண்டேன். வயிற்றில் கைவைத்துவிட்டு எடுத்தார். நாக்கைப் பார்க்கவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குச் சற்று முன் அக்கா செத்துப்போனாள்.

சோறு கொடுக்காமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பாளா? நான் கேட்ட டொக்டர்கள் இருவரும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. மூன்றாம் கிழமையில் குடல் தானாகவும் ஓட்டை விழும் என்றார் ஒருவர். மற்றவர் எத்தனை வாய் சோறு என்று கேட்டார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் எழுதுவது அதைப் பற்றியும் அல்ல.

சாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. அதே மாதிரி, பின்னேரத்தில் ஏறும், காலையில் இறங்கும். என்னை அதே அறையில், வேறு பாயில் கிடத்தினார்கள். ஐயா தானே போய்ப் பரியாரியாரைக் கையோடு கூட்டி வந்தார். அவர்கள் வண்டியில் வராமல் தோட்டத்து ஒழுங்கையால் நடந்து வந்ததால் சத்தம் கேட்கவில்லை. பரியாரியார் அறை வாசலுக்கு வந்தபோது அம்மா என் தலையை மடியில் வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஈர்க்கை வளைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யிறாய் பிள்ளை?”

அம்மா பதறி எழும்பப் பார்த்தார். “நீங்கள் வாறியள் எண்டு நாக்கை வழிக்கப்போனன்.”

“காய்ச்சல்காரிக்கோ?”

“ஓம். அவளுக்கும் நான்தானே வழிச்சனான். ஒரு நாளும் விடேல்லை.”

அம்மாவின் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதுதான் இன்றும் என்னால் தாங்க முடியாதது. செத்துப்போன பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று பரியாரியாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பரியாரியார் வாசல் நிலையைப் பிடித்தார். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். ஐயா கதிரையை இழுத்து வந்தார், அவர் அதைப் பார்க்கவேயில்லை.

“எண்டைக்குத் தொடங்கினனீ?”

“நீங்கள் முதல் வந்திட்டுப் போன மற்ற நாள். ஏன்?”

 அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. அம்மா அந்த விரல்களைப் பார்த்தார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனபோது அம்மா ஈர்க்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். 

“அப்ப நீங்கள் பாத்தது...” என்றார் அம்மா.

பரியாரியார் விரல்களை விரித்தார்.

“இல்லைப் பிள்ளை. நான் நாக்கை மட்டும் பாக்கேல்லை. நாடியும் பாத்தனான். நாடியும் சோறு குடு எண்டுதான் சொன்னது. பிழை என்ரை.”

நான் ஐயாவைப் பார்த்தேன். படலையடியில் அவர் சொன்னதைக் கேட்டவர் நாங்கள் இருவர்தான். ஐயா என்னைப் பார்க்கவில்லை. கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். இப்படியான பொய் ஒன்று இருப்பது தெரியாது.

பரியாரியார் எழுந்து என் நாக்கைப் பார்த்தார். மா இருந்தது. இனித் தான் சொல்லுமட்டும் யாரும் தொடவேண்டாம் என்றார்.

இருபத்திரண்டு நாள். என் நாக்கு வெள்ளையாய், பிறகு மஞ்சளாய், பிறகு காய்ந்து பழுப்பாய்ப் போனது. வாய் எனக்கே நாறியது. அம்மா தினமும் காலையில் வந்து நாக்கைக் காட்டச் சொல்லுவார். இரண்டு கையையும் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பார்.  நான் பசியில் அழுதால் எழுந்து வெளியே போய்விடுவார். பரியாரியார் இரண்டு வேளையும் வந்தார். இப்போது அவர் நாக்கை விட நாடியைத்தான் கனநேரம் பிடித்தார்.

பிறகு நுனியிலும் கரையிலும் மா விலகத் தொடங்கியது. நாலைந்து நாளில் நடுவும் தெளிந்தது. காய்ச்சல் பின்னேரத்திலும் ஏறவில்லை. ஒரு காலை பரியாரியார் அம்மாவைக் கூப்பிட்டு வந்து பார்க்கச் சொன்னார். அம்மா வந்து குனிந்தார். என் நாக்கு ஈரமாய், துப்புரவாய் இருந்தது. கையால் ஒருவரும் தொடவில்லை.

“உது தானாப் போனதோ?” என்று அம்மா கேட்டார்.

“ஓம்.”

“ஒருத்தரும் ஒண்டும் செய்யாமல்?”

 “ஓம் பிள்ளை” என்றார். பிறகு, இன்றைக்குச் சோறு கொடுக்கலாம் என்றார்.

அம்மா மறுக்கவில்லை. உலை வைத்தார். சோற்றைக் குழைய அவித்து, சிரட்டையால் அளந்து, என்னைச் சுவரோடு சாய்த்து இருத்தினார். பரியாரியார் போகாமல் கதிரையில் இருந்தார். அம்மா சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்தார். என் வாய்க்கு நேரே கொண்டுவந்த கை அங்கேயே நின்றது. நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். ரசம் அம்மாவின் மணிக்கட்டால் வழிந்து பாயில் சொட்டியது. கை முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை.  ஐயாதான் வந்து பக்கத்தில் குந்தினார். அம்மாவின் முழங்கையைப் பிடித்து, அந்தக் கையை மெல்ல என் வாய்க்குத் தள்ளினார்.